வழியில் இல்லாத ஊர்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகத் திட்டம் போடும் என் மகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். மலேசியாவில் போய் இறங்கி, அங்கே ஒரு வாடகைக் காரை எடுத்து, ஊர் ஊராகச் சுற்றப் போகிறார்களாம். கொஞ்ச நாளாகவே வீட்டில் இதே பேச்சு. போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இங்க ஒரு நாள், இங்க ரெண்டு நாள், இந்த ஹோட்டல்ல சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் குளம் இருக்கு" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுகிறாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் ஊர் மறைந்துவிடுகிறது.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படி உட்கார்ந்து உலகத்தை விரலால் தள்ளிக்கொண்டுதான் இருப்பார். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்கு வயிறு ஒத்துக்கொள்ளுமா, போகிற இடத்தில் சுடுதண்ணீர் கிடைக்குமா என்று கேட்டு ஏச்சு வாங்குவோம். நேற்று நான் கேட்டது வேறு. "மாப்பிள்ளையோட அக்கா அங்கதானே இருக்கா, அவ வீட்டுக்குப் போகலையா?" என்றேன். "அது வழியில இல்லம்மா" என்றாள் மகள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதே வார்த்தையை இன்னொரு வாயில் கேட்ட ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். எனக்குக் கீழே ஒரு தம்பி, அம்மா மடியில் ஒரு தங்கை. அந்த வருஷத்து மிளகுக் காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இதே கூத்துதான் நடந்தது. அன்றைக்குத் திட்டம் போட்டவர் என் அப்பா.

நாங்கள் இலங்கையில் மாத்தளைக்காரர்கள். அப்பாவுக்கு டவுனில் ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் வேலை. தோட்டங்களிலிருந்து மிளகும் கராம்பும் கறுவாப் பட்டையும் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். அப்பா கையில் அள்ளிப் பார்த்துத் தரம் பிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சட்டை, தலைமுடி, கை இடுக்கு எல்லாம் அதே வாசம்தான். "உங்க சட்டையத் தொவைச்ச தண்ணியில ரசம் வைக்கலாம்" என்பாள் அம்மா. அப்பாவுக்கு அது பிடிக்கும். சிரித்துக்கொண்டே இன்னொரு சட்டையையும் கழற்றிப் போடுவார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய், ஊர்களைப் பார்த்துவிட்டு, திரும்பி வர வேண்டும். இப்போது சொன்னால் இதிலென்ன என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில், தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் யாரும் இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வந்ததில்லை. இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் தோட்டத்தை விட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தலைமன்னார்வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலேறினால் ஏறியதுதான். இந்தப் பக்கம் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஸ்டேஷனில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். சுற்றிப் பார்க்கப் போவது என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அப்பா இந்தப் பக்கத்துக்காரர். ஆனால் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் மதுரையில் வாடகைக் கார் வைத்திருந்தார். கப்பல் இறங்கும் இடத்துக்கே காரைக் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

வரைபடமெல்லாம் எங்களிடம் ஏது? அப்பா பின்னேரம் வேலை முடிந்து வந்ததும் அரிசி புடைக்கும் சுளகைத் தரையில் வைத்து உட்காருவார். ஸ்டோரில் தரையில் சிந்திய சரக்கு அவர் பையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ராமேஸ்வரத்துக்கு ஒரு கராம்பு. மதுரைக்குச் சாதிக்காய், பெரிய கோயில் ஆயிற்றே. திருச்சிக்குக் கறுவாத் துண்டு. வேளாங்கண்ணி மாதாவுக்கு ஏலக்காய். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் மிளகை வரிசையாக வைப்பார். ஒரு மிளகு என்றால் ஒரு மணித்தியால ஓட்டம். "சின்னப் பிள்ளைங்களை வச்சிக்கிட்டு ஒரு நாளைக்கு நாலு மிளகுக்கு மேல ஓடக் கூடாது" என்பது அவர் போட்ட சட்டம். வரிசை நீண்டுவிட்டால் நடுவில் ஓர் ஊரைக் கண்டுபிடித்து அங்கே இரவு தங்க வைப்பார். தம்பி ஓடி வந்து சுளகில் கால் வைத்தானென்றால் மதுரை கட்டிலுக்கு அடியில் போய்விடும். நாங்கள் எல்லோரும் குனிந்து மதுரையைத் தேடுவோம். இவ்வளவு சந்தோஷமான அப்பாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு நாள் அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே வந்து, கையிலிருந்த பாக்கைச் சுளகின் ஓரத்தில், எல்லா ஊருக்கும் எட்ட வைத்தாள்.

"இது என்னா?" என்றார் அப்பா.

"கோத்தகிரி."

அப்பா பாக்குக்கும் மதுரைக்கும் நடுவே விரலால் அளந்தார். "அது வழியில இல்லையே. இங்க பாரு, எத்தனை மிளகு தள்ளிப் போகணும். மலை வேற. வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டு. சின்னவன் வாந்தி எடுத்தே சுருண்டுருவான்."

பாக்கை எடுத்து அம்மா கையில் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை வாயில் போட்டு மென்றாள்.

கோத்தகிரியில் இருந்தவர் அம்மாவின் அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு அம்மாவையும் சித்தியையும் தோளில் போட்டு வளர்த்தவர். ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் கங்காணியிடம் ஏச்சு வாங்கி, தான் அரை வயிறு சாப்பிட்டு, இரண்டு தங்கைகளையும் கட்டிக் கொடுத்தவர். அவருக்கு இந்தியாப் பக்கம் எழுதியிருந்தது. அவர் ரயிலேறிய அன்று அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடினாளாம். எனக்கு அது ஞாபகமில்லை. மாமா என்றால் என்ன நிறம், என்ன உயரம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்பாவின் அடுத்த யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அல்லது சரிப்படுத்தியது என்று சொல்ல வேண்டும். கப்பலேறுவதற்கு முன் பிள்ளைகள் ரோட்டில் தாங்குமா என்று பார்க்க ஒரு வெள்ளோட்டம் விட வேண்டும் என்றார். ஸ்டோர் வேனையும் டிரைவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினார். மாத்தளையிலிருந்து நாலந்தா, தம்புள்ளை வழியாகக் கலேவெலவில் இருக்கும் சித்தி வீடுவரை போய் வருவது. மாத்தளை ராமேஸ்வரம், நாலந்தா மதுரை, கலேவெல வேளாங்கண்ணி என்று பெயரும் வைத்துவிட்டார். வெள்ளோட்டம் என்றால் சும்மா இல்லை. தகரப் பெட்டியில் எல்லா உடுப்பையும் அடுக்கி, பாயைச் சுருட்டிக் கட்டி, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் ஊற்றி, தம்பி வாந்தி எடுக்க ஒரு எனாமல் பேசினோடு, உண்மையாகப் போவது மாதிரியே போக வேண்டும்.

இங்கேதான் அப்பா ஒன்றை மறந்துவிட்டார். அந்த நாட்களில் தகரப் பெட்டியும் பாயும் பிள்ளைகளும் ஒன்றாக ஒரு வீட்டு வாசலைத் தாண்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போகிறவர்கள் கடைசியாகச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் முகத்தைக் காட்டி, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அதற்குப் பயணம் சொல்வது என்று பெயர். பெட்டி வேனில் ஏறியதுதான் தாமதம், எங்கள் சந்தில் இருந்த அத்தனை பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

"சொல்லாமக் கொள்ளாமப் போறீங்களே! நாங்க என்னா குத்தம் செஞ்சோம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சிந்தினார்.

"அட, கலேவெலவுக்குத்தாங்க. சாயங்காலம் வந்துருவோம்" என்றார் அப்பா.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போறாங்க" என்று எதிர்வீட்டு அம்மா, இரண்டு நாளைக்கு முன் எங்களிடம் இரவல் வாங்கிய உரல் உலக்கையைக் கொண்டுவந்து தூக்க முடியாமல் தூக்கி வேனில் ஏற்றப் பார்த்தார். உலக்கையோடு நாங்கள் எந்தத் தேசத்துக்குப் போவோம் என்று நினைத்தாரோ. அப்பா சத்தியம் செய்யாத குறைதான். பொய் சொன்னால் நம்புகிற ஊர் உண்மையைச் சொன்னால் நம்பாது.

நாலந்தா கெடிகேயில் இறங்கினோம். கல்லால் கட்டிய அந்தச் சின்னக் கோயிலைக் காட்டி, "இதுதான் மதுரைன்னு நெனைச்சுக்கங்க" என்றார் அப்பா. "அப்ப யானை எங்க?" என்று தம்பி அழுதான். நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த சிங்கள டிரைவர் அப்பாவிடம் மெதுவாக, "மாத்தயா, எனக்கு மட்டும் உண்மை சொல்லுங்க. திரும்பி வரமாட்டீங்கதானே?" என்று கேட்டார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

தம்பி வாந்தி எடுத்தது எங்கே தெரியுமா? மலை வளைவில் அல்ல. வளைவெல்லாம் முடிந்து, தம்புள்ளை தாண்டி, கோடு போட்டது போல நேராகப் போகும் ரோட்டில். அம்மா பேசினைப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார்.

கலேவெலவில் வேன் நின்றதும் சித்தி ஓடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அப்படியே வாசலில் உட்கார்ந்து, தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள். "அண்ணனும் போயிட்டாரு, இப்ப நீயும் போறியா அக்கா! எனக்கு இந்தக் காட்டுல யாரு இருக்கா!"

சித்தப்பா காய்கறி யாவாரி, நிதானமான மனிதர். சும்மா வந்தோம் என்று அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "சும்மா வந்தவங்க பெட்டி இந்தக் கனம் கனக்குமா அண்ணே?" என்றார். கோழி அடித்தார்கள். அழுதுகொண்டே சமைத்து, அழுதுகொண்டே பரிமாறினாள் சித்தி. எங்களுக்கும் அழுகை வந்தது, ஆனால் கறி நன்றாக இருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனப் பாத்ததும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. ஒண்ணுக்கும் கவலப்பட வேணாம்னு சொல்லு" என்றாள்.

அம்மா சோற்றைப் பிசைந்தபடி, "அண்ணன் வீட்டுக்குப் போகலடி. அது வழியில இல்லையாம்" என்றாள்.

சித்தியின் அழுகை நின்றது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "ஏன் மச்சான், கடலத் தாண்டிப் போறீங்க. கண்டவன் கட்டுன கோயிலெல்லாம் வழியில இருக்கு. கூடப் பொறந்தவன் வீடு மட்டும் வழியில இல்லையா? வழியில இருந்தாத்தான் ஒறவா?"

அப்பா வாந்தியைப் பற்றி ஏதோ சொன்னார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்து அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றடிக்குக் கை கழுவப் போனார்கள். நான் முன்பே அங்கே குந்தியிருந்து தம்பியின் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதைப் பெரியவர்கள் எப்போது கவனித்திருக்கிறார்கள்?

"வாந்தி எல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது தம்பி" என்றார் அப்பா. "அண்ணன் மொகத்தப் பாத்துட்டா இவ திரும்பி வருவாளா? அதான் எனக்குப் பயம். தகப்பன் மாதிரி வளத்தவரு. அங்க அவரு இருக்காரு, இங்க நான் ஒருத்தன்தானே."

"அப்பிடிச் சொல்லாதீங்க அண்ணே. பிள்ளைங்க இருக்குதே."

"எந்தப் பிள்ளைய வச்சிக்குவா, எந்தப் பிள்ளைய அனுப்புவா, யாருக்குத் தெரியும்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. அதுவரை இந்தியா என்றால் எனக்குச் சாதிக்காயும் ஏலக்காயும்தான். இனிமேல் அது அம்மா திரும்பி வராத இடமாகிவிட்டது. அதில் நான் வைத்துக்கொள்ளப்படும் பிள்ளையா, அனுப்பப்படும் பிள்ளையா என்பதுகூடத் தெரியவில்லை. உள்ளே ஓடிப் போய் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். கப்பலேறி இறங்கும்வரை அந்தப் பிடியை நான் பெரும்பாலும் விடவில்லை. "இந்தக் கழுதைக்கு என்ன வந்தது, மறுபடியும் பால் குடிக்கிற பிள்ளை மாதிரி" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

கலேவெலவிலிருந்து புறப்படும்போது சித்தி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அம்மா அழவில்லை. "நான் வந்துருவேன்டி. எங்க போனாலும் எனக்கு வீடு இங்கதானே இருக்கு" என்று அவள் காதில் சொன்னாள். பக்கத்தில் பெட்டியோடு நின்ற அப்பாவுக்கும் அது கேட்டது. வேன் தம்புள்ளையைக் கடந்து நாவுல ஊரையும் தாண்டியது. பிறகு முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, "கோத்தகிரிக்கும் போவோம். ரெண்டு மூணு நாள் தங்குவோம்" என்றார். அம்மா தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே, "சரிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு நானோ சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அப்பா மேல் எனக்கு இன்றைக்கும் ஓர் ஆற்றாமை உண்டு. மிளகு மிளகாக எண்ணித் திட்டம் போட்ட மனிதர், "நீ திரும்பி வருவியா?" என்று ஒரு தடவை அம்மாவிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்திருப்பார். அந்தக் காலத்து ஆம்பிளைகள் புலிக்குப் பயப்படமாட்டார்கள், பெண்சாதியிடம் ஒரு கேள்வி கேட்கப் பயப்படுவார்கள்.

அடுத்த வாரமே மாமா முன்பு இருந்த ரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறியது. அவர்களும் கோத்தகிரிப் பக்கம்தான் போனார்கள். "தங்கச்சி குடும்பத்தோட வருதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்று அம்மா சொல்லி அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து நாங்களும் போனோம். கப்பலில் தம்பி தூங்கினான், நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். மதுரையில் யானை இருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். ஒரு வளைவிலும் யாரும் வாந்தி எடுக்கவில்லை. தேயிலை தெரிந்ததும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து, "நம்ம ரத்தோட்டை மாதிரியே இருக்குங்க" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே பயம், ஆனால் அது அவருக்குத் தெரியாது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஒரு கூட்டமே நின்றது. மாமா கறுத்து, ஒல்லியாய், அம்மாவின் அதே மூக்கோடு இருந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, வா தங்கச்சி" என்று தன் ஒற்றை அறைக் காம்பராவைத் தாண்டி, அடுத்த காம்பராவுக்கு எங்களை இழுத்துப் போனார். புதிதாக வெள்ளையடித்திருந்தது. சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. புதுப்பாய் இரண்டு, ஒரு தண்ணீர்க் குடம், புதிதாக மண் பூசிய அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் பால்.

"தொரைகிட்ட ஒரு மாசமாக் கெஞ்சி வாங்கினேன் ஆத்தா. வேற ஆளுக்குக் குடுக்கப் பாத்தாங்க, விடல. மூத்தவள இஸ்கூல்ல சேக்க வாத்தியார்கிட்டயும் பேசிட்டேன். மச்சானுக்கு டவுன்ல வேல பாத்துக்கலாம். மொதல்ல அடுப்பப் பத்தவச்சு பாலக் காச்சு."

குடும்பத்தோடு வருகிறார்கள் என்று அவரிடம் போய்ச் சொன்னால் அவர் வேறு என்ன நினைப்பார்? அவருக்குத் தெரிந்து யாரும் வந்து திரும்பிப் போனதில்லை. புது வீட்டில் ஒரு பெண் அடுப்பைப் பற்ற வைத்துப் பால் பொங்கவிட்டால் அவள் அந்த வீட்டுக்குக் குடி வந்துவிட்டாள் என்று அர்த்தம். எட்டு வயதில் எனக்கே அது தெரியும். அம்மா பால் சட்டியைத் தூக்கினாள். நான் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்தேன்.

அம்மா சட்டியோடு என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் காம்பராவை விட்டு வெளியே வந்தாள். மாமாவின் காம்பராவுக்குள் போய், அத்தையின் அடுப்பில், ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த நெருப்பில் சட்டியை வைத்தாள்.

"அண்ணே, இத அண்ணி அடுப்புலயே காச்சுறேன்" என்றாள். "நாங்க ஒங்களப் பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்."

மாமா நிலைப்படியில் நின்றார். பால் பொங்கி வரும்வரை நின்றார். "சீனி போட்டுக் காச்சு தங்கச்சி. பிள்ளைங்க குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்றிரவு மாமாவின் ஒரே காம்பராவில் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்தோம். அடுத்த காம்பரா புதுப்பாயோடு சும்மா கிடந்தது. அங்கே போய்ப் படுக்கச் சொல்லி மாமாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விடிந்ததும் அப்பா அம்மாவிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. பெரிய சுமையை இறக்கி வைத்தவர் தாராளமாகப் பேசுவாரே, அப்படிப் பேசினார். "பாவம், மனுசன் ஒடஞ்சு போயிட்டாரு. அவசரமில்ல, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டே போவோம்" என்றார்.

அம்மா தங்கையின் துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாங்க. இன்னைக்கே எறங்கிருவோம்."

"ஏன் புள்ள? அவரு என்ன நெனைப்பாரு?"

"இன்னும் ஒரு நாள் இங்க இருந்தேன்னா, நான் வரமாட்டேங்க."

அப்பா வெளியே போய், காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.